புகார் வராத கடற்கரை

மறுமுனையில் இருந்த பெண்மணியின் கோபம் தணிவதாக இல்லை.

"அலைச் சத்தம்மா, அலைச் சத்தம்! போன நாள்லேர்ந்து திரும்புற வரைக்கும் நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு வார்த்தை பேசிக்க முடியல. பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஊமைங்க மாதிரி சைகை காட்டிக்கிட்டு இருந்தோம். இதுக்கா காசு கட்டினோம்?"

"உங்க சிரமம் புரியுதுங்க. ரொம்ப வருத்தப்படுறோம்" என்றாள் அவள்.

விடுமுறைப் பயணங்களுக்கு ஏற்பாடு செய்து தரும் ஒரு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் அவள் வேலை பார்த்தாள். காலையில் தலையில் ஹெட்போனை மாட்டியதிலிருந்து மாலையில் கழற்றும்வரை வருத்தப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். பேசும்போது இடது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வது அவளுடைய பழக்கம். மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை என்றாலும், கை அங்கே போனால்தான் குரலில் வருத்தம் வந்தது. புகாரைச் 'சத்தம்' என்ற வகையில் சேர்த்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். அதில் யாரும் பேசவில்லை.

"இணைப்புல இருக்கீங்களா?" என்று கேட்டாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டாள். மூன்றாம் முறை கேட்டும் பதில் இல்லாததால் துண்டித்தாள். அலுவலக விதி அது. மூன்று முறை கேட்டும் பேசாதவர் அங்கே இல்லை என்று பொருள்.

பக்கத்து இருக்கைக்காரியைப் பிரிவில் எல்லோரும் 'சலுகை' என்றுதான் அழைப்பார்கள். வாடிக்கையாளர் குறையைச் சொல்லி முடிக்கும் முன்பே தள்ளுபடி கொடுத்துவிடும் தாராள மனசுக்காரி.

"லீவு கேட்டியே, குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க."

"எங்க போறீங்க?"

"இன்னும் முடிவாகல."

"உலகத்துல இருக்கற அத்தனை கடற்கரையும் உன் விரல் நுனியில இருக்கு, உனக்கே முடிவாகலையா? தையக்காரன் சட்டைதான் எப்பவும் கிழிஞ்சிருக்கும்."

அவள் சிரிக்க முயன்றாள். சிரிப்பதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

அவளுடைய கணவர் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுபவர். சந்தையில் அவருக்குப் பெயர் 'ஸ்பீக்கர்'. லாரிகள் இரைய, வண்டிகள் முட்டிக்கொள்ள, அத்தனைக்கும் மேலே அந்தக் குரல் ஏறி நிற்கும். சில மாதங்களாக அது கரகரத்தது. சளி என்று நினைத்தார்கள். தூசி என்று நினைத்தார்கள். கடைசியில் மருத்துவர் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து, குரல்வளையில் புற்று என்றார். அடுத்த மாதத் தொடக்கத்தில் அதை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். பிறகு அவர் கழுத்தில் இடப்படும் துளை வழியாகத்தான் மூச்சு விடுவார். அந்தத் துளைக்குள் தண்ணீர் போகக் கூடாது. ஆகவே நீச்சலை மறந்துவிட வேண்டும். பேச்சு, பயிற்சியாலோ கருவியாலோ ஓரளவு திரும்பலாம். "ஆனா இந்தக் குரல் இருக்காது" என்றார் மருத்துவர். அதற்கு முன்னால் எங்காவது கடலோரமாகச் சில நாட்கள் போய்வருவதானால் தடையில்லை என்று அவர் சொன்னதும், "போவோம்" என்றார் கணவர் உடனடியாக. எந்தக் கடல் என்பதை மட்டும் மனைவியிடம் விட்டுவிட்டார்.

அவளுக்கு அது பெரிய சுமையாகப் போயிற்று. அவருடைய கடைசி நீச்சல் தவறான கடலில் அமைந்துவிடக் கூடாது. அதைவிட ஆழத்தில் இன்னொன்று அரித்துக்கொண்டிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த கணவர் என்பது பெரும்பாலும் ஒரு குரல். கதவைத் திறக்கும் முன்பே வீட்டுக்குள் வந்துவிடும் குரல்; குளியலறையிலிருந்து அரசியல் பேசும் குரல். அது போன பிறகு மிச்சமிருக்கும் மனிதரோடு எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேசாதவர் அங்கே இல்லை என்றே அவள் காது பழகியிருந்தது.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து அவர்கள் கடற்கரை தேடினார்கள். கடலே இல்லாத நகரத்தில் பிறந்து வளர்ந்த இருவருக்கும் படங்கள்தாம் ஆதாரம். அவளுக்குக் கூடுதலாகப் புகார்கள் இருந்தன.

"இது?" என்று அவர் திரையைத் தொட்டார். குரல், சல்லடையில் கூழாங்கற்கள் உருள்வதுபோல வந்தது.

"அங்க மணல் சுடும். கைக்குழந்தையோட போன ஒருத்தி காலெல்லாம் கொப்பளம்னு அழுதா."

"குழந்தைக்கா, அவளுக்கா?"

"அவளுக்குத்தான். செருப்பை ரூம்லயே விட்டுட்டுப் போயிருக்கா."

"அப்ப புகார் மணல் மேலயா, செருப்பு மேலயா?"

"என்னங்க, வெளையாடாதீங்க."

"சரி, இது? தென்னை மரமெல்லாம் போட்டோவுக்குன்னே சாஞ்சு நிக்குது பாரு."

"அதுல ஒரு மரம் ஒருத்தரோட கார் மேல தேங்காயைப் போட்டிருக்கு."

"நமக்குத்தான் கார் இல்லியே."

"தலை இருக்குல்ல?"

அவர் ரசித்துச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அவள் தண்ணீரை நகர்த்தினாள். குடித்துவிட்டு அடுத்ததைக் காட்டினார்.

"ஜெல்லி மீன்" என்றாள். அடுத்ததற்கு, "காவலுக்கு ஆள் கெடையாது. வெறும் கொடி நட்டு வெச்சிருக்காங்க" என்றாள். அதற்கடுத்ததைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் விடுதிக்காரர் விருந்தினர்களைப் பற்றிக் குறை சொல்லியிருந்தார்.

"உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் அவர். "நீ கடலையே பாத்ததில்ல. கடல் மேல வந்த பிராதைத்தான் பாத்திருக்கே."

"பாத்ததாலதான் சொல்றேன். நீங்களே ஒண்ணைச் சொல்லுங்களேன். எல்லாத்தையும் என் தலையிலேயே கட்டினா எப்படி?"

"எனக்கு எதுவா இருந்தாலும் சரிதான்."

"அது பதிலே இல்ல."

அந்த நேரம் பார்த்து அவருடைய தங்கை அழைத்தாள். மனைவி தொலைபேசியின் ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தாள்.

"அண்ணி, நாங்க போன வருஷம் போன எடத்துக்கே போங்க. தண்ணி அசையவே அசையாது. குளிக்கிற தொட்டி மாதிரி இருக்கும்."

"தொட்டியில குளிக்கிறதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?" என்றார் அவர். "பாத்ரூம் பக்கத்துலயே இருக்கே."

"பாருங்க அண்ணி, இந்த நேரத்துலயும் அண்ணனுக்கு வாய் அடங்குதா பாருங்க!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது தங்கைக்கே கேட்டிருக்க வேண்டும். "ஐயோ, அண்ணா..." என்றாள்.

"அடங்கத்தான் போகுது. அவசரப்படாதே" என்றார் அண்ணன், சமாதானமாக.

அவர் கடைசியாகச் சந்தைக்குப் போன அன்று, அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளும் போனாள். கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டிமேல் அவர் ஏறி நின்றார். குரல் அதிகம் தாங்காது என்பதால் ஒரே ஒரு குவியல் வெள்ளரிக்காயை மட்டும் அவருக்கு விட்டிருந்தார்கள். அவள் கவனித்தது குரலை அல்ல, எதிரே நின்ற வியாபாரிகளை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாருக்கு எது வேண்டும் என்பது போட்டியாளருக்குத் தெரியக் கூடாதல்லவா! ஒருவர் காதைச் சொறிந்தார். ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். மூலையில் நின்றவர் புருவத்தை மட்டும் உயர்த்தினார். ஒவ்வொரு அசைவையும் விலையாக மொழிபெயர்த்து அவர் கூவிக்கொண்டே போனார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று நிறுத்தி, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, "மூணு தரம்!" என்று குனிந்து, பெட்டி விளிம்பில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். புருவக்காரருக்கு வெள்ளரிக்காய் கிடைத்தது.

"இந்த அமுக்குணிக் கூட்டத்தோட எப்படிங்க காலம் தள்ளினீங்க?" என்று திரும்பும் வழியில் கேட்டாள்.

"வாயை நம்பினா இங்க பொழைக்க முடியாது. பாத்துக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். பிறகு வீடு வரும்வரை தொண்டையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. இத்தனை வருடங்களின் தொழில் அவளுக்குக் கொடுத்த யோசனை அது. வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. நிறுவனம் ஆட்களை அனுப்பும் கடற்கரைகளில், ஒரு புகார்கூட வராதது எது என்று கணினியில் தேடினாள். ஒன்றே ஒன்று வந்தது. அமைதியான விரிகுடா; ஆழமில்லாத நீர்; சரிவில்லாத மணல்; பல வருடங்களாக ஆட்கள் போகிறார்கள்; ஒரு முணுமுணுப்பும் இல்லை. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றே பதிவு செய்தாள்.

விரிகுடா படத்தில் இருந்தது போலவேதான் இருந்தது. தண்ணீர், இஸ்திரி போட்ட துணிபோல மடிப்பில்லாமல் கிடந்தது. அவர் உடை மாற்றிக்கொண்டு இறங்கினார். சிறு வயதில் ஏரியில் கற்ற நீச்சல். மிதவைக் கயிறுவரை போய்த் திரும்பினார். மல்லாந்து சற்று மிதந்தார். கரையேறி வந்து துண்டை வாங்கிக்கொண்டார்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றார். வரி கட்டிவிட்டு வந்தவரின் முகம் அது.

சிக்கல் சாப்பாட்டுக் கூடத்தில் தொடங்கியது. அங்கே எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். கரண்டியைக்கூட ஓசைப்படாமல் வைத்தார்கள். "உப்பை இப்படித் தள்ளு" என்று அவர் கேட்டபோது, அந்தக் கூழாங்கல் குரல் சுவரெங்கும் உருண்டது. தலைகள் திரும்பின, நாகரிகமாகத் திரும்பிக்கொண்டன. பக்கத்து மேசையில் ஒரு சிறுமி, "அம்மா, அந்த மாமா ஏன் தவளை மாதிரி பேசுறாரு?" என்றாள். அவளுடைய தாய் குழந்தையின் வாயைப் பொத்திய வேகத்தில்தான் அவமானம் இருந்தது.

அதன் பிறகு அவர் பேசவில்லை.

மாலையில் கடலோரம் சாய்வு நாற்காலிகளில் கிடந்தார்கள். ஒரு நண்டு ஓடுவதுகூடக் கேட்கும்போல இருந்தது. "காத்து நல்லா இருக்குல்ல?" என்றாள். தலையசைத்தார். "காப்பி சொல்லட்டுமா?" தலையசைத்தார். "என்னங்க, கேக்குதா?" என்றாள். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்குதா?" என்று மறுபடியும் கேட்டாள். மூன்றாம் முறைக்காக வாய் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். அடுத்த மாதம் என்று எதற்குப் பயந்தாளோ, அது சொல்லாமல் கொள்ளாமல் முன்கூட்டியே வந்து பக்கத்து நாற்காலியில் படுத்திருந்தது. எழுந்து ஓடலாம்போல இருந்தது. எழுந்திருக்கவும் அலுப்பாக இருந்தது.

அறைக்குத் திரும்பியதும் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். "ஊருக்கே போயிடலாம்ங்க. நான் தேர்ந்தெடுத்தது தப்பு."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, காதருகே குனிந்து கிசுகிசுத்தார். "உங்க ஆபீசுல சத்தம் தாங்கலன்னு எந்தக் கடற்கரை மேலயாவது புகார் வந்திருக்கா?"

"எதுக்கு?"

"வந்திருக்கா, இல்லியா?"

"ஒண்ணு வந்திருக்கு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்க முடியலையாம்."

"அங்க போவோம்" என்றார். "அங்க எல்லாருமே ஊமைதானே. எனக்குத் தனியா ஒரு ஊமைப் பட்டம் எதுக்கு?"

விடிந்ததும் சாவியை ஒப்படைக்கப் போனபோது, வரவேற்பில் இருந்தவர் ஆச்சரியப்படவில்லை. "பரவாயில்ல மேடம். நெறைய பேர் இப்படித்தான் மறுநாளே கிளம்பிடுவாங்க."

"ஒரு புகார்கூட வந்ததில்லையே!"

"கிளம்பிப் போனவங்க எதுக்கு மேடம் புகார் பண்றாங்க? சத்தமா பேசவே கூச்சப்பட்டவங்க, போன் போட்டுச் சண்டை போடவா போறாங்க?"

கணவர் அவளைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கினார்.

பேருந்து அவர்களை இறக்கிவிட்ட இடத்திலிருந்தே அந்தக் கடல் கேட்டது. மேட்டைத் தாண்டியதும் பேச்சு என்ற ஒன்றே உலகிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. செங்குத்தாகச் சரியும் கருமணல். அலைகள் சுவர்களாக எழுந்து, இடிந்து, எழுந்தன. குளிக்கக் கூடாது என்று சிவப்புக் கொடி பறந்தது. கரையில் இருந்தவர்கள் எல்லோரும் வாய் அசைத்தார்கள், கை அசைத்தார்கள். பந்து விற்றவர் விலையை விரல்களில் காட்டினார். ஒரு மனிதர் மனைவியின் காதுக்குள் கத்திவிட்டு, அவள் 'என்ன?' என்று கை விரித்ததும், தோல்வியை ஒப்புக்கொண்டு அவள் தோளில் சாய்ந்தார்.

அவள் கணவர் வாயைத் திறந்தார். தாடை அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு எழுத்தும் அவளுக்குக் கேட்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. அவர் அதைக் கவனித்துவிட்டார். முகம் மெல்ல விரிந்தது. மீன் பெட்டி ஒன்று மணலில் பாதி புதைந்து கிடந்தது. அதைப் பிடுங்கி, கவிழ்த்து, அழுத்திப் பார்த்து, மேலே ஏறி நின்றார். அவள் கீழே அதன் விளிம்போரமாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தாள்.

அவர் ஏலம் விட ஆரம்பித்தார்.

எதை என்று தெரியவில்லை. கை முன்னால் நீண்டது, கடலைச் சுட்டியது, வானத்தைச் சுட்டியது, திரும்பியது. மருத்துவர் பத்திரப்படுத்தச் சொன்ன தொண்டையை அவர் முழுவதுமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார். கடல் அதை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தது. தடுக்கத்தான் நினைத்தாள். ஆனால் அவருடைய கண் கூட்டத்தைத் துழாவுவதை, யாராவது அசைகிறார்களா என்று ஏங்கிப் பார்ப்பதைக் கண்டதும், தன்னை அறியாமல் ஒரு புருவத்தை உயர்த்தினாள்.

விரல் சட்டென்று அவள் பக்கம் நீண்டது. விலை ஏறிவிட்டது. பந்து விற்றவர் நின்று வேடிக்கை பார்த்தார். விளையாட்டு புரிந்துபோய்க் காதைச் சொறிந்தார். அவருக்குச் சந்தைப் பழக்கம் உண்டோ என்னவோ! விரல் அங்கே பாய்ந்தது. விடுவேனா என்று அவள் மறு புருவத்தையும் உயர்த்தினாள். பந்துக்காரர் கும்பிடு போட்டு விலகிக்கொண்டார்.

ஒரு தரம். உதடுகளில் படித்தாள். ரெண்டு தரம். அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மூன்றாவதற்கு உதடுகள் அசையவில்லை. குனிந்து, பெட்டி விளிம்பில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். சத்தம் கேட்கவில்லை, ஆனால் அந்த அடி பலகை வழியாக அவள் முதுகுக்குள் இறங்கியது.

இறங்கி வந்து மூச்சு வாங்க அவளருகே உட்கார்ந்தார். 'எதை?' என்று அவள் கையைத் திருப்பிக் கேட்டாள். எதை வாங்கியிருக்கிறேன்?

அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மணல் படிந்த கால்சட்டையை, நரைத்த மீசையை, தொண்டையை வரிசையாகக் காட்டி, எல்லாம் சேர்த்துத்தான் என்று கை விரித்தார்.

அவள் வெகுநேரம் அவரையே பார்த்தாள். பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டித் தொலைபேசிபோலக் காதில் வைத்துக்கொண்டாள். முகத்தைச் சுளித்தாள். வாங்கிய சரக்கென்று அவரையே காட்டினாள், பழசு என்று மூக்கைப் பிடித்தாள்.

அவர் கணமும் தாமதிக்கவில்லை. தலையில் இல்லாத ஹெட்போனைச் சரிசெய்து, இடது கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி வருத்தப்பட்டார். நெஞ்சில் கை வைக்கும் பழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? என்றோ ஒருநாள் அலுவலக வாசலில் அவளுக்காகக் காத்திருந்தபோது, கண்ணாடி வழியாகப் பார்த்திருக்க வேண்டும்.

அவளுடைய புகார்கள் தீரவில்லை; ஒரு நாளும் யாரிடமும் சொல்லாதவை அல்லவா! செருப்பைக் கழற்றி மணலைக் கொட்டிக் காட்டினாள். அவர் வருத்தப்பட்டார். காற்று, கலைந்த தலை, எரியும் கண். அவர் வருத்தப்பட்டார். இடுப்பைப் பிடித்தாள், இத்தனை வருட நாற்காலியைக் காட்டினாள், காதிரண்டையும் பொத்திக் காட்டினாள், இந்த மாதங்களின் உறங்காத இரவுகளுக்குக் கன்னத்தில் கை வைத்து இல்லை என்று தலையாட்டினாள். அதற்குமேல் எதைக் காட்டுவது என்று தெரியாமல், அடுத்த மாதம் இருக்கும் திசையில், வெறுமனே கையை உதறினாள்.

அவர் அதற்கும் கையை நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை.